வெப்லியா, வாளா, பதக்கமா: ஏலத்தில் எதைக் கேட்பது?

போன சித்திரையில் ஒரு ராத்திரி, பர்மிங்ஹாமில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, ஒரு ஏலத்துக்க படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. பாட்டாவுக்க படைப்பிரிவில இருந்த ஆபீசருக்க ரிவால்வராம்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்லி மார்க் 6, .455 குண்டு, 1917 என்ற முத்திரை. கூடவே தோல் உறை, கழுத்தில் மாட்டும் கயிறு, மடித்த கடிதம் ஒன்று.

அவனுக்குப் பாட்டா என்றால் எனக்கு அப்பா. 1942இல், பாலமும் பாதையும் போடும் மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்து பர்மா வரை போய்வந்தவர். அந்தப் படையில் வீரர்களுக்கு ‘தம்பி’ என்றே பெயர். அப்பாவும் கடைசி வரை தன்னைத் தம்பி என்றுதான் சொல்லிக்கொண்டார். நானும் ராணுவத்தில் ஆர்மரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால்தான் மருமகன் என்னிடம் கேட்டான். அதே ஏலத்தில் வேறொரு அதிகாரியின் வாளும், சாப்பர் ஒருவரின் மூன்று பதக்கங்களும் இருந்தன. கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கிறான். எதை எடுப்பது?

ஒரு வாரம் யோசித்தேன். குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஏலங்கள் இணையத்தில் நடக்கின்றன. இதே கேள்வி வேறு வீடுகளிலும் வரும் என்பதால் யோசித்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெறும் வெப்லி மார்க் 6 அரிய சாமான் அல்ல. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றது, லட்சக்கணக்கில் செய்தார்கள். விலையை ஏற்றுவது அதை வைத்திருந்த ஆளின் பெயர். அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரீப் பேட் காரெட் சுட்ட கோல்ட் ரிவால்வர் 2021இல் அறுபது லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குக் காகிதம் இருந்தது. காரெட்டின் மனைவி அதைத் திரும்பப் பெற 1930களில் வழக்கே நடத்தியிருக்கிறார். ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும் துருப்பிடித்த சிறு ரிவால்வர் 2019இல் பாரிஸில் 1,62,500 யூரோவுக்குப் போனது. அது வயலில் கிடைத்த துப்பாக்கி. அதுதான் என்று உறுதிசெய்யும் காகிதம் எதுவும் இல்லை, பொருந்திவரும் குறிப்புகள்தான் உண்டு. இரண்டு விலைக்கும் உள்ள தூரத்தில் பெரும்பங்கு அந்தக் காகிதத்துக்கு உரியது.

நம் நாட்டு உதாரணம் இதைவிடத் தெளிவு. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பல துப்பாக்கிகளோடு ஒன்றாகக் கிடந்தது. மேலே கறுப்புப் பெயிண்ட். வழக்கு ஆவணத்தில் இருந்த 168896 என்ற எண்ணைத் தேடிப்போய், பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்று அது பஞ்சாபில் ஹுசைனிவாலாவில் இருக்கிறது. அந்த எண் எழுதப்படாமல் போயிருந்தால் இன்றும் அது பெயரில்லாத பழைய பிஸ்டல்தான்.

சரி, மருமகன் காட்டிய ரிவால்வருக்கு வருகிறேன். இதில் நிறையச் சொல்ல இருக்கிறது.

அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். ராணுவத் தோட்டா பொருந்தினால் போதும், எந்தக் கம்பெனியுடையது என்பது அவரவர் விருப்பம். லண்டனில் ஆர்மி அண்டு நேவி என்ற கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தது. 1891இல் பம்பாயிலும் கிளை திறந்தார்கள். அங்கே விற்ற துப்பாக்கிகளின் எண்ணையும் வாங்கியவர் பெயரையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். அந்தப் பேரேடுகள் இன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட துப்பாக்கி கிடைத்தால் பெயர் சொன்ன வாய்க்கு வெளியே ஒரு சாட்சி கிடைத்தது என்று பொருள்.

இந்த ரிவால்வரிலோ அகன்ற அம்புக்குறி இருந்தது. அது அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. அரசு கொடுத்த துப்பாக்கியென்றால் பணி முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியது. எல்லாரும் கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘அவருடைய சொந்த ரிவால்வர்’ என்று ஏலப் பட்டியல் சொல்லும்போது இந்த முத்திரை ஒரு கேள்வியைக் கேட்கிறது. அடுத்தது வருஷம். முத்திரை 1917, பட்டியல் சொல்லும் கதை 1944 பர்மா. நடுவில் இருபத்தேழு வருஷம். 1932க்குப் பிறகு ராணுவம் .38 என்ஃபீல்டுக்கு மாறிவிட்டது. பழைய .455 இரண்டாம் உலகப்போரிலும் ஓடியது உண்மைதான், அதனால் கதை நடக்க முடியாததல்ல. நடந்தது என்று காட்ட அந்த மடித்த கடிதம் ஒன்றுதான்.

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அனுப்பினார்கள். அதிகாரி தன் தங்கைக்கு எழுதியது. மழை, அட்டை, பாலம் கட்டும் வேலை எல்லாம் இருக்கிறது. ரிவால்வரைப் பற்றி ஒரு சொல் இல்லை. துப்பாக்கி எண்ணும் இல்லை. கடிதம் உண்மை, துப்பாக்கியும் உண்மை, இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன என்பதற்கு விற்பவர் சொல் மட்டுமே. பட்டியலில் இந்த வித்தியாசத்தை ஒரு சின்னச் சொல்லில் ஒளித்து வைப்பார்கள். ‘இன்னாருடையது’ என்று எழுதினால் ஒரு பொறுப்பு உண்டு. ‘இன்னாருடையது என்று குடும்பத்தார் சொல்வது’ என்று எழுதினால் பொறுப்பு வாங்குகிறவன் தலையில். நம் படத்தின் கீழே இருந்தது இரண்டாவது வகை.

துப்பாக்கியிலேயே பார்க்க வேண்டியவையும் உண்டு. குழல், சட்டம், உருளை மூன்றிலும் எண் ஒன்றா என்று பாருங்கள். வேறுவேறு என்றால் எங்கோ பட்டறையில் கலந்து பூட்டியது. உருளையின் பின்முகத்தைப் பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். அமெரிக்காவுக்குப் போன பல வெப்லிகளில் .45 ஆட்டோ தோட்டா போடுவதற்காக அந்த முகத்தைக் கடைந்து மெலிதாக்கிவிட்டார்கள், சேகரிப்பவர்களுக்கு அது ஊனம். எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, மேற்பூச்சு மட்டும் புதுசாக மின்னினால் பாலீஷ் போட்டு மறுபடி நீலம் ஏற்றியது. தேய்ந்த பழைய பூச்சே மேல். ஆர்மரராகச் சொல்கிறேன், இந்தத் துப்பாக்கியின் அழகு அதை மடக்கித் திறக்கும்போதுதான் தெரியும். குழலைக் கீழே சாய்த்ததும் ஆறு வெறும் தோட்டாவும் ஒரே வீச்சில் வெளியே வரும். கான்பூரில் இன்று செய்யும் .32 ரிவால்வரும் வெப்லியின் .38 மார்க் 4 வழி வந்ததே. பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக ஒரு வெப்லியைப் பிரித்துத் துடைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஆசை எனக்கும் இல்லாமலில்லை.

ஆனால் ஆசைக்கு எதிரே சட்டம் நிற்கிறது, அதைச் சுற்றிப்போக வழி தேடக் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. .32 போன்றவற்றுக்கு நாகர்கோவிலில் கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். .380, .455 தோட்டா பொருந்தும் ரிவால்வர்களை 2016 விதிகள் தனி வகையில் வைத்திருக்கின்றன. அதற்கான லைசென்ஸ் மத்திய அரசின் கையில். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தனி லைசென்ஸ் வேண்டும். தனி ஆட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே ஏறக்குறைய அடைக்கப்பட்ட கதவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்கவும் முடியாது. ஆகவே வெப்லியை எடுத்தால் அது இங்கே, தக்கலையில் எங்கள் வீட்டு அலமாரிக்கு வரப்போவதில்லை.

இங்கிலாந்தில் வைத்துக்கொள்ளலாமே என்றான் மருமகன். அங்கும் 1997 துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு கைத்துப்பாக்கி பெரும்பாலும் தடைதான். வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் விலக்கு உண்டு. சிலவற்றைத் தோட்டா இல்லாமல் வீட்டில் வைக்க அனுமதி கிடைக்கும், சிலவற்றை அரசு குறித்த இடத்தில் மட்டுமே வைத்துப் பார்க்கலாம். எந்த வகை என்பதைப் போலீஸ் சொல்ல வேண்டும். மருந்தைக் கெட்டித்து, வெடிக்கும் சின்ன உலோகத் தொப்பியை மாட்டிச் சுடும் 1850களின் ஆடம்ஸ், டிரான்டர் போன்ற ரிவால்வர்கள் அங்கே பழம்பொருளாகச் சுலபமாகக் கைமாறும். அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், பழைய ரிவால்வர்தான் வேண்டும் என்றால், அந்தப் பக்கம் போவதுதான் நல்லது. 1857 காலத்து இந்தியாவோடு தொடர்புள்ளவை அவற்றில் இருக்கும். மருமகனோ ஐந்து வருஷத்தில் ஊருக்குத் திரும்ப நினைக்கிறவன். வாங்கியதை அங்கேயே விற்றுவிட்டு வர வேண்டிவரும்.

செயலிழக்கச் செய்த துப்பாக்கி என்று ஒன்று உண்டு. குழலை அடைத்து, உள்ளே வெல்டிங் வைத்து, சோதனைச் சாலை முத்திரையும் சான்றிதழும் தருவார்கள். பலர் இதைச் சுலபமான வழி என்று நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நம் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய மாதிரி ஆயுதத்துக்கும் பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கும் விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் ‘பழுது பார்த்தாலும்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கிலாந்துச் சான்றிதழ் அதற்குப் பதிலாகாது. உதிரிப்பாகமும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து இந்த வாதத்தைச் சொல்லும் நிலைமையில் அக்கா மகனை நிறுத்த எனக்கு மனமில்லை. அதோடு, மடக்கினால் திறக்காத வெப்லி எனக்கு வெப்லியாகவே படவில்லை.

வாளைப் பற்றிக் கொஞ்சம். வில்கின்சன் வாள்களின் முதுகில் எண் இருக்கும். 1854 முதல் யாருக்கு விற்றது என்ற பேரேடும் இருக்கிறது. பெயரை நிரூபிக்க ரிவால்வரைவிட நல்ல சாமான். ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு என்பதால் அதுவும் ஆயுதக் கணக்கில் வரும், கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. வாளின் கதை எப்படிப் பிழைக்கிறது என்று அறிய நாம் லண்டன் போக வேண்டாம். திருவிதாங்கூரில் வெள்ளைக்காரரை எதிர்த்த தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் தன் வாளைக் கிளிமானூர் அரண்மனையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒன்றரை நூற்றாண்டு அங்கேயே இருந்து, 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கைக்குப் போய், டெல்லி அருங்காட்சியகம் வழியாகத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியது. ஒரு கண்ணி கூட அறுந்துபோகாத சங்கிலி அது. ஏலத்தில் இருந்த வாளின் அதிகாரிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. அதை விட்டுவிட்டோம்.

இனி பதக்கம். மருமகன் இதைக் கடைசியாகத்தான் காட்டினான், விலையும் மற்ற இரண்டையும்விடக் குறைவு. மூன்று சின்ன உலோகத் துண்டு: 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

ரிவால்வர் அதிகாரியின் ஆயுதம். அப்பாவைப் போன்ற சாப்பர் கையில் இருந்தது ரைபிளும் மண்வெட்டியும். அந்தக் காலத்து ‘சொந்த வரலாறு உள்ள’ ரிவால்வர்கள் எத்தனை ஏலத்துக்கு வந்தாலும் அவற்றில் பொறித்திருக்கும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளைக்கார அதிகாரிகளுடையவை. நாம் எவ்வளவு காசு கொடுத்தாலும் அதில் நம் ஆள் பெயர் இருக்காது. பதக்கத்தில் இருக்கும். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இல்லாமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படைவீரர்களுக்கு எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்துக் கொடுத்தார்கள். லண்டன்காரன் தன் பாட்டனாரின் பர்மா நட்சத்திரத்தை நூறு நட்சத்திரங்களுக்கு நடுவே அடையாளம் காண முடியாது. தக்கலைக்காரன் காண முடியும்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயர் உண்டு. அது வெள்ளி. தொழிலாளர் படையில் போன இந்தியர், சீனர், மால்டாக்காரர்களுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அந்த வெண்கலப் பதக்கம் இன்று அரிதாகவே கிடைக்கிறது. வெள்ளிப் பதக்கங்களில் எத்தனையோ உருக்குக் கடைக்குப் போயின. 1980இல் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலேயே ஏராளமாக உருக்கினார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது, வேறு விதமாக. அப்பாவின் பதக்கங்கள் எழுபதுகளில் ஒரு கஷ்டகாலத்தில் பழைய பித்தளைப் பாத்திரத்தோடு எடைக்குப் போய்விட்டன. எடைக்குப் போட்டது அம்மா. அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை, அந்த வாரம் அரிசி வாங்கியது அந்தக் காசில்தான்.

பதக்கத்திலும் ஏமாற்று உண்டு. பெயரை ராவிவிட்டு வேறு பெயர் வெட்டுவார்கள். விளிம்பின் கனத்தை நாலு இடத்தில் காலிப்பரில் அளந்தால் ராவிய இடம் மெலிந்து காட்டும். அச்சில் அடித்த எழுத்துக்கும் உளியால் வெட்டிய எழுத்துக்கும் லென்ஸில் வித்தியாசம் தெரியும். ஒரே ஆளின் மூன்று பதக்கமா, மூன்று ஆளுடையதைச் சேர்த்துக் கட்டியதா என்று ஒவ்வொன்றின் எண்ணையும் படமெடுத்துக் கேளுங்கள். வந்த பிறகு பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, கடற்காற்று வேறு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் போதும். தோல் உறையோடு வந்த ரிவால்வர் என்றால் இந்த ஈரத்தில் பூஞ்சையோடு தினம் மல்லுக்கட்ட வேண்டும்.

பணக் கணக்கு எல்லாச் சாமானுக்கும் ஒன்றுதான். ஏலம் 1000 பவுண்டுக்கு விழுந்தது என்று வையுங்கள். ஏலக்காரர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 250, அதன்மேல் வரி 20 சதவீதம் 50, ஆக 1300. இணையம் வழியாகக் கேட்டால் இன்னும் சில சதவீதம். உச்சவிலையை முடிவு செய்யும்போது இந்த 1300ஐ மனதில் வையுங்கள், அந்த 1000ஐ அல்ல.

வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையோர எஸ்டேட் குடும்பங்களில் பாட்டனார் லைசென்ஸில் இருந்த துப்பாக்கி அவர் இறந்த பிறகும் அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். லைசென்ஸ்காரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு எழுபது வயதானாலோ துப்பாக்கி இருபத்தைந்து வருஷம் அவரிடம் இருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளில் வழி இருக்கிறது. அப்படி மாற்றும்போது அந்தத் துப்பாக்கியின் கதையையும் எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். ஏலத்தில் பல லட்சம் கொடுத்தும் கிடைக்காத காகிதம் அது.

மருமகனிடம் சொன்னேன்: “மக்களே, வெப்லியை விட்டிரு. பதக்கத்தைக் கேளு.” அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏலத்தன்று இங்கே சாயங்காலம். போனை வைத்துக்கொண்டு அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். ரிவால்வர் அவன் கையிருப்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. பதக்கத்துக்கு இவனைத் தவிர ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் சீக்கிரம் விட்டுவிட்டார்.

கிறிஸ்துமஸ் லீவில் பில்லோடு கொண்டுவந்தான். அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, லென்ஸ் வைத்து, பதக்கத்தின் எண்ணை அப்பாவின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ரொம்பத் தூரமில்லை. ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்திருக்கலாம். பெயர் தமிழ்ப் பெயர்தான், அக்கா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். எந்த ஊர்க்காரர் என்று பதக்கம் சொல்லாது. பெங்களூரில் படையின் ஆவண அலுவலகத்துக்கு எண்ணையும் பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். குடும்பம் கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று மருமகன்தான் முதலில் சொன்னான். பதில் வரும்வரை அது அப்பாவின் பெட்டியில் இருக்கட்டும் என்றாள் அக்கா.